ஆறரை மணிக்குக் கேட்கும் ஸ்கூட்டர்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சாமி நம்பிக்கை இல்லாத வீட்டில் சாவு விழுந்தால், கஷ்டம் வந்தால், எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது? குலசேகரம், மார்த்தாண்டம், தூத்தூர் தொடங்கி கேரள எல்லைக்கு அந்தப்பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். மனநல ஆலோசகர்களும் இறப்புப் பதிவு, உடல் தானம் போன்ற வேலைகளில் பழக்கமுள்ளவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: என் கணவர் இறந்து நாற்பத்தைந்து நாள் ஆகிறது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். நாங்கள் இருவருமே கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். அவர் சொல்லி வைத்திருந்தபடி தைக்காடு சாந்திகவாடத்தில் எரித்துவிட்டு வந்தோம். சஞ்சயனம் (எலும்பு பொறுக்கும் சடங்கு), அடியந்திரம் (கருமாதிச் சாப்பாடு) எதுவும் வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக மாலை ஆறரை மணிக்கு வேலை முடிந்து வருவார். இப்போதும் அந்த நேரத்துக்கு அவர் ஸ்கூட்டர் கேட் பக்கம் வந்து நிற்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. வண்டியை விற்று ஒரு மாதம் ஆகிவிட்டது. நேற்று எழுந்து போய்க் கதவையே திறந்துவிட்டேன். "சடங்கு செய்யாததால் ஆத்மா அலையுது" என்கிறார் நாத்தனார். தூக்கமும் இல்லை. நான் கொள்கையில் தோற்றுவிட்டேனா?
— வாசகி, மார்த்தாண்டம் அருகில்

பதில்: முதலில் அந்த ஸ்கூட்டர் சத்தத்தைப் பேசிவிடுவோம் சகோதரி. அது ஆவியும் இல்லை, உங்களுக்குப் புத்தி பேதலிக்கவும் இல்லை. டூயி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரை நேரில் சந்தித்துப் பேசி, 1971இல் அதை வெளியிட்டார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், இறந்தவரைப் பார்த்தேன், குரல் கேட்டது, பக்கத்தில் இருப்பது போலத் தோன்றியது என்று ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. உங்களைப் போலவே பயந்துகொண்டு உள்ளேயே வைத்திருந்தார்கள்.

இது நடப்பதற்குக் காரணம் உண்டு. வரப்போவது என்ன என்று மூளை எப்போதும் முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு வருடம் ஆறரைக்கு வண்டி வந்து நின்ற வீட்டில், ஆறு இருபதுக்கே காது தயாராகிவிடும். தெருவில் வேறு ஏதோ ஒரு வண்டி வேகத்தைக் குறைத்தால் போதும், மீதிச் சத்தத்தை மூளையே போட்டு நிரப்பிக்கொள்ளும். அவர் இறந்த செய்தி உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்துக்கு இன்னும் தெரியவில்லை. பல மாதம் "வரவில்லை, வரவில்லை" என்று திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அது மெல்ல அடங்கும். கதவைத் திறந்ததில் தவறே இல்லை.

அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆறேகாலுக்கு எழுந்து பால் வாங்க நடந்து போகலாம். போய்த் திரும்ப இருபது நிமிடம் ஆகிற கடையாக இருந்தால் நல்லது. சிலருக்கு இதற்கு நேர்மாறானதுதான் உதவும். அதே நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து, பத்து நிமிடம் அவரை வேண்டுமென்றே நினைத்து, அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பார்கள். இரண்டையும் ஒவ்வொரு வாரம் செய்து பாருங்கள், எது ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். அந்தச் சத்தம் குரலாகி உங்களுக்குக் கட்டளை போட ஆரம்பித்தால், "நீயும் வா" என்று கூப்பிட்டால், தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம்.

கொள்கையில் தோற்றுவிட்டேனா என்று கேட்கிறீர்கள். கடவுள் இல்லை என்பது உலகத்தைப் பற்றிய ஒரு முடிவு. அதற்கும் நீங்கள் அழுவதற்கும் சம்பந்தம் இல்லை. வைக்கம் போராட்டத்தில் பங்கெடுத்த, பெரியாரின் மனைவி நாகம்மையார் 1933 மே 11 அன்று இறந்தபோது, அவர் தனக்கு என்னவெல்லாமாக இருந்தார் என்பதைப் பெரியார் குடி அரசு இதழில் வெளிப்படையாகவே எழுதினார். இழப்பை இழப்பு என்று சொல்வதற்கு நம்பிக்கையாளராக இருக்க வேண்டியதில்லை.

உங்களிடம் இப்போது இல்லாமல் போனது சடங்கு அல்ல. சடங்கு செய்துகொண்டிருந்த வேலைகள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சஞ்சயனம் என்றால் வீட்டு ஆம்பளைகளுக்குக் கையில் ஒரு வேலை. பதினாறு நாள் என்றால் வீட்டில் ஆள் இருக்கும், அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வார், "இந்த நாளோடு இது முடிகிறது" என்று ஒரு கணக்கும் இருக்கும். அடியந்திரத்துக்கு ஊர் கூடி வந்து, அவர் போய்விட்டதைச் சோறு உண்டு ஒப்புக்கொள்ளும். இவற்றில் எந்த வேலைக்கும் மந்திரம் தேவையில்லை. நீங்கள் மந்திரத்தை வேண்டாம் என்றபோது, அதோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆட்களும் நாட்களும் சோறும் சேர்ந்தே போய்விட்டன. வீடு வெறிச்சோடிக் கிடப்பது அதனால்தான்.

ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாமியை நோக்கிப் பாடுவது அல்ல. செத்தவரைப் பார்த்து, "இப்படி விட்டுட்டுப் போனியே" என்று நேரடியாகக் கேட்பது. நம் கிழவிகள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த கருவி அது. நம்பிக்கை இல்லாதவர்கள் அதையும் மூடநம்பிக்கைக் கணக்கில் சேர்த்து வெளியே தள்ளியது பெரிய நஷ்டம் என்பது எங்கள் எண்ணம். உங்களுக்குப் பாட வராவிட்டாலும், கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் சத்தமாகப் பேசலாம். அவர் கேட்கிறார் என்று நம்ப வேண்டியதில்லை. உங்கள் வாயிலிருந்து வெளியே வந்தால் போதும்.

நாற்பத்தைந்து நாள் ஆனதால் காலம் கடந்துவிடவில்லை. அறுபதாம் நாளோ தொண்ணூறாம் நாளோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு வையுங்கள். எப்படி நடத்துவது என்று அடுத்த கேள்விக்கான பதிலில் விவரமாகச் சொல்லியிருக்கிறோம்.

தூக்கத்துக்கு: இரவு எப்போது தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய் உட்காருங்கள்; கண் சொக்கினால் திரும்பிப் படுங்கள். மதியம் மூன்று மணிக்குப் பிறகு சாயா வேண்டாம். கட்டிலில் அவர் படுத்த பக்கம் நீங்கள் படுத்துப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் பக்கம் கண்ணில் படாமல் இருப்பதே பலருக்கு உதவுகிறது. உறவுக்காரர் கொடுக்கும் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். சாப்பாடு இறங்கவில்லை என்றால் முழுச் சாப்பாட்டோடு போராட வேண்டாம். கஞ்சியும் பயறும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அரைக் கிண்ணம். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை ஒருநாளும் தவறவிடாதீர்கள். நெருங்கியவர் இறந்த முதல் நாட்களில் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். நெஞ்சு வலித்தால் "துக்கம்தான்" என்று விட்டுவிடக் கூடாது.

மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்கு ஐந்து படி உண்டு என யாராவது உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். 1969இல் எலிசபெத் கூப்லர் ராஸ் அதை எழுதியது, சாகும் நிலையில் இருந்த நோயாளிகளிடம் பேசி. இழந்தவர்களை வைத்து அல்ல. அதனால் நான் எந்தப் படியில் இருக்கிறேன் என்று தேட வேண்டாம். 1999இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபே, ஷுட் இருவரும் சொன்னது நாங்கள் பார்க்கும் வீடுகளுக்கு அதிகம் பொருந்துகிறது. துக்கத்தில் இருப்பவர் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய்வருவார். ஒரு மணி நேரம் இழப்பில் முங்கிக் கிடப்பார், அடுத்த மணி நேரம் கரண்ட் பில் கட்டப் போவார், அண்டை வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார். சிரித்ததற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஒரே பக்கம் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல்.

ஆறு மாதம் தாண்டியும் நாள் முழுக்க அதே ஏக்கம், வேலை செய்ய முடியவில்லை, வெளியே போக முடியவில்லை என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கு நீடித்த துயரம் என்று தனிப் பெயரே இருக்கிறது. அதற்கென்று பேச்சு முறைச் சிகிச்சையும் உண்டு. இப்போது நாற்பத்தைந்தாம் நாளில் நீங்கள் இருப்பது நோய் இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, படுக்கையில் இருக்கிறார். "சடங்கு வேண்டாம், உடலை மெடிக்கல் காலேஜுக்குக் கொடு, கண்ணையும் கொடு" என்று எழுதியே வைத்திருக்கிறார். நாங்கள் இருப்பது பாறசாலை, சொந்தம் எல்லாம் களியக்காவிளை, மேல்புறம் பக்கம். சித்தப்பாமார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நேரத்தில் என்ன என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், பாறசாலை

பதில்: அந்த நேரத்தில் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி இப்போதே செய்ய வேண்டியது. அப்பாவுக்குப் பேசத் தெம்பு இருக்கும்போதே சித்தப்பாக்களை வீட்டுக்கு அழைத்து, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். எழுதி வைத்த காகிதத்தை எதிர்த்து எத்தனை பேர் வேண்டுமானாலும் வாதாடுவார்கள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். இதை ஒத்திப்போட்ட வீடுகளில்தான் சண்டை பிரேதத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது.

உடல் தானத்துக்கான படிவம் மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் கிடைக்கும். உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. எல்லைக்கு இந்தப்பக்கம் என்றால் நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம். எதில் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்து, அங்கே என்னென்ன காகிதம் கேட்பார்கள், இரவிலும் விடுமுறை நாளிலும் உடலை வாங்குவார்களா என்று நேரில் போய்க் கேட்டுக் குறித்து வையுங்கள். படிவம் கொடுத்திருந்தாலும் கடைசியில் உடலை ஒப்படைப்பது குடும்பம்தான். வீட்டில் ஒருவர் மறுத்து வந்து நின்றாலே கல்லூரிக்காரர்கள் தயங்குவார்கள். பொதுவாகக் கையில் இருக்க வேண்டியவை: மருத்துவர் கொடுத்த இறப்புச் சான்று, இறந்தவரின் ஆதார் நகல், ஒப்படைப்பவரின் ஆதார் நகல், தானப் படிவம்.

எப்போது வாங்க மாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரேதப் பரிசோதனை நடந்த உடல், எச்ஐவி, மஞ்சள்காமாலை பி போன்ற தொற்று இருந்தவர் உடல், அழுக ஆரம்பித்த உடல் ஆகியவற்றைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீண்ட நாள் படுக்கையில் கிடந்தவருக்கு முதுகில் ஆழமான படுக்கைப் புண் இருந்தாலும் மறுக்கலாம். அப்பா படுக்கையில் இருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அவருக்கும் நல்லது, அவர் ஆசைக்கும் நல்லது. மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்று இரண்டாவது ஏற்பாட்டையும், எரிப்பதா புதைப்பதா என்பதையும், அவரிடமே கேட்டு வையுங்கள்.

கண் தானத்துக்கு நேரம் மிகக் குறைவு. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உயிர் போனதும் முதல் போன் கண் வங்கிக்கு. அவர்கள் வருவதற்குள் இமைகளை மூடி, நனைத்துப் பிழிந்த பஞ்சை மேலே வையுங்கள். தலைக்குத் தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். இந்த மின்விசிறிதான் எல்லாரும் தவறவிடுவது. வீட்டில் கூட்டம் சேர்ந்ததும் யாராவது போட்டுவிடுவார்கள், காற்றில் கருவிழி காய்ந்துவிடும். சுவிட்ச் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினாலும் தவறில்லை. எடுக்க இருபது நிமிடம் போலத்தான் ஆகும், முகம் கெடாது. கண்புரை அறுவை செய்தவர், கண்ணாடி போட்டவர், வயதானவர் எல்லோரும் கொடுக்கலாம். கண் கொடுத்த பிறகும் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்கலாம்.

எல்லையோரக் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இறப்புப் பதிவு. ஆதார் எந்த ஊர் என்பது கணக்கு இல்லை. உயிர் எங்கே போனதோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். பாறசாலை வீட்டில் இறந்தால் பாறசாலை பஞ்சாயத்து. திருவனந்தபுரம் மருத்துவமனையில் இறந்தால் மருத்துவமனையே அந்த ஊர்ப் பதிவாளருக்குத் தகவல் அனுப்பும். மேல்புறம் கொண்டுவந்து அடக்கம் செய்தாலும் இங்கே பதிய முடியாது. 21 நாளுக்குள் தெரிவித்துவிட்டால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருடம் வரை மேலதிகாரியின் அனுமதி வேண்டும். வருடம் தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரைக்கும் அலைய வேண்டிவரும்.

படிவம் எழுதும் மேசையிலேயே பெயரின் எழுத்துகளை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியலை முன்னால் போடும் நம் வழக்கமும், வீட்டுப் பெயரைச் சேர்த்தெழுதும் அந்தப்பக்கத்து வழக்கமும் கலந்து, சான்றிதழில் ஒரு பெயரும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு பெயரும் ஆகிவிடும். பிறகு ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கத் தாலுகா அலுவலகம் ஏற வேண்டும். வாரிசுச் சான்றிதழ் கேரளத்தில் கெஜட்டில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைக்கு அவகாசம் கொடுத்த பிறகுதான் கிடைக்கும். அதனால் அதற்கான மனுவை ஆற அமரக் கொடுக்கலாம் என்று விடாதீர்கள். துக்கத்தில் இருப்பவரை இந்தக் காகித வேலைக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். அளவோடு அனுப்பலாம். ஒரு நாளைக்கு ஒரு அலுவலகம், கூட ஒரு ஆள்.

இனி படத்திறப்பு. உடலைக் கொடுத்த பிறகு வீட்டில் சாம்பலும் இல்லை, கல்லறையும் இல்லை, உறவுக்காரருக்கு அழ ஒரு இடமும் இல்லை. அதனால் இதைக் கட்டாயம் நடத்துங்கள். பதினாறு நாளுக்குள் வரும் ஞாயிறு, காலை பத்தரை மணி. வீட்டு முற்றமோ, ஊர் கிரந்தசாலையோ (நூலகம்). படம் நல்ல பெரிய அளவில், அவர் சாதாரணமாகச் சிரிக்கிற படமாக இருக்கட்டும். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் யாரோ போல இருக்கும். ஒரு நிமிட மௌனம். வீட்டில் ஒருவர் அவர் வாழ்க்கையை நான்கு நிமிடத்தில் வாசிக்க வேண்டும்: பிறந்தது, படித்தது, பார்த்த வேலை, கட்டிய வீடு. பிறகு ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஒவ்வொருவரிடமும் முன்பே "அவரைப் பற்றி நடந்த ஒரே ஒரு சம்பவம் சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவராவது அவரோடு வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். கடைசியில் படத்தைத் திறப்பது வீட்டில் அவருக்கு மிக நெருக்கமானவர். மொத்தம் ஒரு மணி நேரம்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் மைக்கில்தான். கொள்கைக்காரர் ஒருவர் எழுந்து, செத்தவரை விட்டுவிட்டு மூடநம்பிக்கை பற்றி அரைமணி நேரம் பேசுவார். நம்பிக்கையுள்ள அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து குன்றிப்போவார். அன்றைக்கு யாரையும் திருத்த வேண்டாம். சித்தப்பாக்களுக்கு விளக்கேற்ற வேண்டுமென்றால் அவரவர் வீட்டில் ஏற்றிக்கொள்ளட்டும், "தாராளமா செய்யுங்க" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். சாப்பாட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அடியந்திரத்துக்கு என்ன போடுவார்களோ அதையே இலை போட்டுப் பரிமாறுங்கள். சொந்தக்காரருக்கு மந்திரம் இல்லாதது ஒரு வாரத்தில் மறந்துபோகும். அண்ணன் சாவுக்குச் சோறு போடவில்லை என்பது மறக்காது.

ஒருவேளை எரிக்க நேர்ந்து, சாம்பலை ஆற்றில் கரைக்க விருப்பமில்லை, மரத்தடியில் போடலாம் என்று நினைத்தால் ஒரு எச்சரிக்கை. எலும்புச் சாம்பலில் உப்பும் காரமும் அதிகம். குழி தோண்டி மொத்தமாகக் கொட்டி அதன்மேல் கன்றை நட்டால் கன்று கருகிவிடும். செத்தவர் பெயரில் வைத்த மாங்கன்று கருகுவதைப் பார்ப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. ஒரு பங்கு சாம்பலுக்குப் பத்துப் பங்காவது மண்ணும் மக்கிய சாணமும் கலந்து, ஏற்கெனவே வேர் பிடித்து நிற்கும் மரத்தைச் சுற்றிப் பரவலாகத் தூவி, மேலே மண் மூடுங்கள்.

கேள்வி: தங்கை இறந்துவிட்டாள். அவள் மகனுக்கு ஆறு வயது. "சாமிகிட்ட போயிட்டா" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்ன சொல்வது?
— வாசகி, நெய்யாற்றின்கரை

பதில்: "அம்மை செத்துப்போயிட்டா" என்றே சொல்லுங்கள். காதுக்குக் கடுமையாக இருக்கும், ஆனால் குழந்தைக்குப் புரிவது அந்தச் சொல்தான். தொடர்ந்து, "செத்துப்போறதுன்னா உடம்பு வேலை செய்யாது. மூச்சு விடாது, பசிக்காது, வலிக்காது. திரும்பி வர முடியாது" என்று சொல்லுங்கள். தூங்குகிறாள் என்று சொன்னால் அவன் தூங்கப் பயப்படுவான். வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறாள் என்பது நம் பக்கத்தில் இன்னும் மோசம். வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கும் ஊரில் போனவர்கள் பெட்டியோடு திரும்பி வருவதை அவன் பார்த்திருக்கிறான். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதுக்குள் மூன்று கேள்வி இருக்கும். நான் குறும்பு செய்ததாலா? நீயும் செத்துப்போவியா? எனக்கு யார் சோறு தருவா? மூன்றுக்கும் நீங்களே முந்திக்கொண்டு பதில் சொல்லுங்கள். "நீ செஞ்ச எதனாலயும் இல்ல. அம்மைக்கு வந்தது பெரிய வியாதி, உனக்கு வர்ற சளி காய்ச்சல் மாதிரி இல்ல. நான் ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நெனைக்கிறேன். உன்னைக் காலையில ஸ்கூலுக்கு விடறது நான், சாயங்காலம் கூட்டிட்டு வர்றது மாமா." கடைசி வாக்கியத்தில் ஆள் பெயர் கட்டாயம் வேண்டும். கேட்டுவிட்டு ஐந்தாவது நிமிடம் விளையாடப் போய்விடுவான். புரியவில்லை என்று எண்ண வேண்டாம், சிறு குழந்தைகள் துக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் தின்னும். அதே கேள்வியை இருபது தடவை கேட்பான். இருபது தடவையும் அதே சொற்களில் பதில் சொல்லுங்கள். சில வாரம் படுக்கையை நனைப்பதும் சேலையைப் பிடித்துக்கொண்டே திரிவதும் இருக்கும், அடிக்காதீர்கள். டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: அண்ணன் 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போய் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. வருடா வருடம் கோயிலில் பூசை வைக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை அற்றுப்போய்விட்டது, அங்கே நிற்கவே முடியவில்லை. அம்மை இன்னும் சில ராத்திரி அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைக்கிறாள். இது எப்போது தீரும்?
— வாசகர், தூத்தூர் பகுதி

பதில்: இப்படிப்பட்ட இழப்பை அமெரிக்காவில் பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் 1970களில் தனியாகப் பிரித்துக் காட்டினார். வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து அவர் சொன்னது: உடல் இல்லாத சாவில் துக்கம் ஆரம்பிக்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நின்றுவிடுகிறது, அது அந்தக் குடும்பத்தின் பலவீனம் அல்ல, நடந்ததின் தன்மை. மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டில் மண் சரிந்து எழுபது தோட்டத் தமிழர்கள் மாண்டார்கள். நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டுத் துக்கமும் மற்ற வீட்டுத் துக்கமும் ஒன்றல்ல.

அதனால் "அவன் செத்துட்டான்னு ஏத்துக்கோ" என்று அம்மையிடம் சொல்லாதீர்கள், உங்களுக்கும் சொல்லிக்கொள்ளாதீர்கள். "இனி வர மாட்டான்", "ஒருவேளை வந்தால்…" என்ற இரண்டும் ஒரே மனதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். மூடி வைத்த சோறு யாரையும் கெடுக்கவில்லை. அம்மை தான் சாப்பிடுகிறாளா என்று மட்டும் பாருங்கள். மறுநாள் அந்தச் சோற்றை என்ன செய்கிறாள் என்றும் பாருங்கள். கோழிக்குப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறாள் என்றால் அவள் உங்களைவிடத் தெளிவாகவே இருக்கிறாள்.

கல்லறை இல்லாததற்குப் பதில் ஒரு இடம் வேண்டும். கரையில் அவன் வலை பிரித்த இடமோ, வீட்டுச் சுவரில் அவன் பெயரும் புறப்பட்ட தேதியும் எழுதிய பலகையோ போதும். இறந்த தேதி என்று எழுத வேண்டாம். பூசையன்று உள்ளே நிற்க முடியாவிட்டால் வெளியே முற்றத்தில் நில்லுங்கள், முடிந்து வருகிறவர்களுக்குச் சாயா ஊற்றிக் கொடுங்கள். அதே புயலில் ஆள் போன மற்ற வீடுகளோடு தொடர்பு வையுங்கள்; விளக்கமே சொல்லாமல் உங்களோடு பேசக்கூடியவர்கள் அவர்கள்தான். சட்டத்தில் ஏழு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று இருக்கிறது. அண்ணன் பெயரில் நிலமோ வங்கிக் கணக்கோ தீர்க்காமல் கிடந்தால் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது அவனைக் கைவிடுவது ஆகாது என்பதை அம்மையிடம் முன்பே பேசிவிடுங்கள்.

தீருமா என்றால், தீராது. ஆனால் அதற்குள்ளேயே நாள் ஓட ஆரம்பிக்கும்.

கேள்வி: ரப்பர் பால் வெட்டுகிறேன். மழையில் வெட்டு நின்றுபோய், மகள் படிப்புக்கு வாங்கிய கடன், வட்டிக்கு வட்டி. ராத்திரி இரண்டு மணிக்கே வெட்டுக்கு எழுந்த பழக்கம், இப்போது வேலையில்லாமல் அதே நேரத்துக்கு விழித்துக் கிடக்கிறேன். சாமி கும்பிடுகிறவனுக்கு ராத்திரியில் பாரத்தை இறக்கி வைக்க ஒரு இடம் இருக்கிறது. எனக்கு இல்லை.
— வாசகர், குலசேகரம்

பதில்: சரியாகச் சொன்னீர்கள். இறக்கி வைக்கிற இடத்தை நாம் கட்டிக்கொள்ள வேண்டும். கும்பிடுகிறவர் என்ன செய்கிறார்? ஒரு குறிப்பிட்ட நேரத்தில் உட்காருகிறார், கஷ்டத்தைச் சொல்லாகச் சொல்கிறார், தன் கையில் இல்லாததைக் கையை விட்டு விடுகிறார். மூன்றையும் நீங்களும் செய்யலாம்.

தினமும் மாலை ஐந்தரை மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, இருபது நிமிடம் ஒரு நோட்டோடு உட்காருங்கள். கவலைப்பட அதுதான் நேரம். நோட்டில் ஐந்து கட்டம்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை எவ்வளவு கட்டியது, அடுத்து யாரிடம் என்ன பேச வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கவலை வந்தால் "நாளைக்கு ஐந்தரைக்கு" என்று சொல்லி ஒரு வார்த்தை மட்டும் துண்டுத் தாளில் குறித்துவிட்டுப் படுங்கள். முதல் வாரம் கேலிக்கூத்தாகத் தோன்றும். இரண்டாவது வாரத்தில்தான் பிடிபடும். விழித்ததும் செல்போனைக் கையில் எடுக்கக் கூடாது. ஒரு ஆளிடமாவது மொத்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லுங்கள், முதலில் வீட்டில் மனைவியிடம். மறைத்து வைத்த கடன்தான் ஆளைக் கொல்கிறது.

கையில் இல்லாதது மழையும் ரப்பர் விலையும். கையில் இருப்பது கடன்காரரோடு பேச்சு. வங்கிக் கல்விக் கடன் என்றால் தவணை தவறுவதற்கு முன்பே கிளையில் எழுதிக் கொடுத்துத் தவணையை மாற்றிக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்பதைவிட அது எளிது. கந்துவட்டி, மீட்டர் வட்டி என்றால் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. கேரளத்தில் 2012இல் அதேபோலச் சட்டம் வந்தது. இதுவரை கொடுத்த ஒவ்வொரு தொகையையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், இனிமேல் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். எழுதாத காசோலையிலோ முத்திரைத் தாளிலோ கையெழுத்துப் போடவே கூடாது.

செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும், இன்றைக்கே அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். எல்லைக்கு எந்தப்பக்கம் இருந்தாலும் அதே எண்தான். ரப்பர் பாலுக்கு ஊற்றும் ஆசிட், பூச்சி மருந்து, கயிறு எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். தோட்டத்து ஷெட்டில் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். அந்த எண்ணம் அலை மாதிரி எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்ததாலேயே பிழைத்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: ஆடி அமாவாசைக்குக் குழித்துறை வாவுபலிக்கு (ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பிண்டம் வைப்பது) அப்பாவுக்குப் பலி போட வரச் சொல்லி அம்மை கூப்பிடுகிறாள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. போகலாமா?
— மாணவர், இடைக்கோடு

பதில்: போங்கள் தம்பி. பலி போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். போட மனமில்லை என்றால் முந்தின நாளே வீட்டில் வைத்துச் சொல்லிவிடுங்கள், ஆற்றங்கரையில் நாலு பேர் முன்னால் சொல்லாதீர்கள். அங்கே படி வழுக்கும், கூட்டம் நெருக்கும். அம்மை முங்கி எழுந்து வரும்வரை துண்டையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு, அவள் கண்ணுக்குத் தெரிகிற படியில் நில்லுங்கள். திரும்பி வரும் வழியில், அப்பா உயிரோடு இருந்தபோது வாவுபலிப் பொருட்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்து என்ன வாங்கிக் கொடுத்தார் என்று அவளிடம் கேளுங்கள்.